நாற்பத்தேழாம் புலத்துக்குப் பாதை

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு தகரக் குழாய் இருக்கிறது. அதற்குள் சுருட்டி வைத்த ட்ரேசிங் துணி ஒன்று. இளநீலம். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல், கஞ்சி போட்ட வேட்டியைப் போல விறைப்பு. நில அளவைக்காரர்கள் ஒரு காலத்தில் கிராம வரைபடங்களை நகலெடுக்கப் பயன்படுத்திய துணி அது. ஆனால் இதில் வரைந்திருப்பது எந்தக் கிராமமும் இல்லை, ஒரு வலைத்தளம். நடுவில் நத்தம், அதாவது குடியிருப்பு. அதுதான் முகப்புப் பக்கம். அதைச் சுற்றி எண்ணிட்ட புலங்கள், ஒவ்வொரு நிலத்துண்டும் தளத்தின் ஒரு பக்கம்; புலங்களுக்கு நடுவே இரட்டைப் புள்ளிக்கோட்டில் வண்டிப்பாதைகள். எல்லாம் கறுப்பு மையில். ஒரே ஒரு பாதை மட்டும் பென்சிலில். அது நத்தத்திலிருந்து கிளம்பி வலது ஓரத்தில் இருக்கும் நாற்பத்தேழாம் புலத்துக்குப் போகிறது. வரைந்தவர் என் சம்பந்தி, என் மகளின் மாமனார். 2007 மாசியில் காலமானார்.

எனக்குப் பள்ளி நாள்களிலிருந்தே தேதி எழுதும் பழக்கம். பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில்தான் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அங்கே தேதி இல்லாத தாளுக்கு மதிப்பில்லை. அந்தக் கண்டிப்பு அலுவலகத்தோடு நிற்காமல் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்த ஏரி எந்த ஆண்டு உடைந்தது, எந்த ஊருக்கு முதல் பஸ் எப்போது வந்தது, எந்தக் கோயில் தேர் எந்த ஆண்டிலிருந்து நின்றது என்று பதினோரு நோட்டுகள் நிரப்பி வைத்திருந்தேன். கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படிப்பேன். படித்ததும் முதலில் தேடுவது ஆண்டைத்தான்.

சம்பந்தி அரியலூர்க்காரர், ஓய்வு பெற்ற சர்வேயர். 2001-இல் வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று அவர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு வூட்டுல என்ன செய்றதா உத்தேசம்?" என்று ஆரம்பித்தார். சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தினார். "பொண்ணக் கேட்டேன், குடுத்துட்டாங்க. இனிமே இந்த வூட்டுல நான் எதையும் கேக்க மாட்டேன். மாப்புள வூட்டுக்காரன் கேட்டா அவங்களால மறுக்க முடியாதுல்ல, அதுனாலதான்." பெரியவர் விடவில்லை. "சோறாவது கேப்பியாடா?" என்றார். "போட்டா திம்பேன்" என்றார் சம்பந்தி. கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கல்யாண வீட்டில் சொல்லும் பேச்சு, ஆறு மாதத்தில் மறந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் மறக்கவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், என் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. தாகம் எடுத்தால், "இன்னிக்கு வெயிலு கூடுதலா இருக்குங்க" என்பார். என் மனைவி உடனே சொம்போடு வருவாள். மின்விசிறி வேண்டும் என்றால் துண்டால் விசிறிக்கொண்டு, "கரண்டு இருக்குல்ல?" என்பார். புறப்படும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை துணைக்கு ஆள் வேண்டும் என்றால், "அந்த முக்குல நாய் ஒண்ணு நிக்குது" என்பார். என் மனைவிக்கு அவர் பேச்சு அப்படியே விளங்கும். எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. "நாயா? எந்த நாய்?" என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "செருப்பப் போட்டுக்கிட்டுக் கூடப் போங்க" என்பாள்.

2003 பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இலவசமாக இடம் தரும் ஒரு நிறுவனத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு வலைத்தளம் அமைத்துத் தந்தார். கடவுச்சொல்லை இருவரிடமும் கொடுத்தார். முகப்பில் நான் ஒரு வரி எழுதினேன்: ஆண்டும் ஆதாரமும் இல்லாத எதுவும் இங்கே இடம்பெறாது. நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரிலும், அவர் அரியலூரில் ஒரு சென்டரிலும் உட்கார்ந்து தட்டுவோம். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம தளத்துல எல்லாமே புலமாத்தான் தெரியுது சம்மந்தி" என்று போனில் சிரிப்பார். நாங்கள் சம்பந்தியானபோது பெரம்பலூரும் அரியலூரும் தனித்தனி மாவட்டம். அடுத்த ஆண்டே ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். "சர்க்காரே நம்மளப் பாத்துதான் சேத்துருக்கு" என்பது அவருடைய நிரந்தர வேடிக்கை.

பக்கங்களுக்கு நான் ஆண்டையும் மாதத்தையும் வைத்துப் பெயரிட்டேன். அவர் தன் பழக்கப்படி சர்வே எண் கொடுத்தார். ஒரு பக்கம் வளர்ந்தால் உட்பிரிவு: பன்னிரண்டு, பன்னிரண்டில் ஒன்று, பன்னிரண்டில் இரண்டு. இணைப்புகளை அவர் லிங்க் என்றோ இணைப்பு என்றோ ஒருநாளும் சொன்னதில்லை, பாதை என்பார். "இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்குப் பாதை வுட்டீங்களா?" ஒரு வலைத்தளத்தைக் காலால் நடந்து பார்க்கும் இடமாக நினைத்த ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

அவருடைய நாற்பத்தேழாம் எண் கிணறுகளைப் பற்றியது. பணிக்காலத்தில் சங்கிலி பிடித்து அளந்த நிலங்களில் அவர் பார்த்த கிணறுகள். யார் வெட்டினார்கள், எத்தனை நாள் வெட்டினார்கள், எந்த ஆழத்தில் பாறை வந்தது, யார் வீட்டுக் கஞ்சி குடித்தார்கள் என்று ஊரார் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிணறு ஒன்றுக்கு, பெரியவன் வயிற்றில் இருந்தபோது வெட்டியது என்று மட்டும் இருந்தது. அரும்பாவூர்க் கிணற்றுக்கு, இரண்டாவது காளை செத்த வருஷம். ஆண்டு என்று ஒன்றுகூட இல்லை. 2005 ஆடியில் அதை முழுதாகப் படித்துவிட்டுப் போன் செய்தேன்.

"முகப்புல நாமளே எழுதி வச்சுருக்கோமே சம்மந்தி. ஆண்டு வேணுமே."

"கெணறு வெட்டுன சனம் இடுப்புல காலண்டரயா சொருகிக்கிட்டு எறங்குச்சு?"

"அந்தப் பெரியவன் எப்பப் பொறந்தான்னாவது கேட்டுருக்கலாமுல்ல?"

சம்பந்தி ஒரே சொல்லில், "சரிங்க" என்றார்.

அன்று மாலையே நான் முகப்பிலிருந்து அந்த இணைப்பை எடுத்தேன். ஒரே ஒரு வரிதான். பக்கத்தை அழிக்கவில்லை. அது பெரிய மரியாதை என்று நினைத்தேன். மறுநாள் அவரிடம் சொன்னபோது, "பட்டா இருக்கு, பாதை இல்ல. அப்படித்தானே?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. நானும் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

2006 ஆவணியில் அந்த இலவச நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆண்டு முடிவோடு சேவையை நிறுத்துகிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "வேற எடத்துக்கு மாத்திடலாம் மாமா. மொத்தம் எத்தன பக்கம், எது எதோட சேந்துருக்குன்னு மட்டும் சரியாத் தெரியணும்" என்றார். கோப்புகளின் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றியது. மூன்றரை ஆண்டுகளில் நாங்கள் சேமித்துச் சேமித்துப் போட்ட அரைகுறை நகல்கள், ஒரே பக்கத்தின் ஐந்தாறு வடிவங்கள், பெயர் தெரியாத படங்கள். எது உயிரோடு இருக்கிறது, எது கழிவு என்று பிரிக்க முடியவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். தளத்தின் அமைப்பைப் படமாகவே வரைந்து காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றனவாம், தேடிப் பாருங்கள் என்றார்.

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தேடினேன். முதலில் கிடைத்தது நாமே பெட்டி வரைந்து நாமே கோடு இழுக்க வேண்டியது. அதற்கு ஒரு பென்சில் போதும். அடுத்தது வெறும் பட்டியலைக் கொடுத்தது, படம் இல்லை. மூன்றாவது அழகாக வரைய ஆரம்பித்து, பாதியில் நின்று, மீதிக்கு வாங்கச் சொன்னது. சென்டர் நடத்திய பெண் கணினிப் படிப்பு முடித்தவள், வாய் அதிகம். "சார், நீங்க எதையாச்சும் ஏத்தி என் மிஷின் படுத்துச்சுன்னா, அது எழுந்திரிக்கிற வரைக்கும் நீங்கதான் இங்க ஒக்காந்து கஸ்டமருக்குப் பதில் சொல்லணும்" என்பாள். கடைசியில் திருச்சியில் வாங்கிய ஒரு கணினி இதழோடு வந்த குறுந்தகட்டில் ஒன்று இருந்தது. முப்பது நாள் சோதனைக்கு முழுதாக வேலை செய்யும் என்று போட்டிருந்தது. தளத்தின் முகவரியைக் கொடுத்தால் முகப்பிலிருந்து கிளம்பி, ஒவ்வோர் இணைப்பாகப் பிடித்துக்கொண்டு போய், தொட்ட பக்கத்துக்கெல்லாம் ஒரு பெட்டி வரையும்.

இரண்டு நாள் பாதியில் மின்சாரம் போனது. மூன்றாம் நாள் பிற்பகல், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, அது முழுதாக ஓடியது. திரையில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஏழு. ஏழிலிருந்து கிளை கிளையாக. என் பதினோரு நோட்டுகளும் ஒரு மரமாக என் கண்ணெதிரே வளர்ந்தன. அந்தப் பெண்கூடத் தன் வேலையை விட்டுவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "அடேங்கப்பா, சார், இவ்ளோவா எழுதிருக்கீங்க?" கடைசியில் நூற்று எண்பத்து மூன்று பெட்டிகள். அதைத் துண்டு துண்டாக அச்சிட்டு, வீட்டுக் கூடத்தில் பரப்பிப் பசை தடவி ஒட்டினேன். என் மனைவி அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

மறுவாரம் அதைச் சுருட்டிக்கொண்டு அரியலூர் போனேன். வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். மழையில் சுண்ணாம்புச் சேறு பஸ் கண்ணாடிவரை தெறித்தது. சம்பந்தி அப்போது சிறுநீரகக் கோளாறோடு கட்டிலில் இருந்தார். திருச்சிக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். கால் வீங்கியிருந்தது. சம்பந்தியம்மா தலையணையை நிமிர்த்தி உட்கார வைத்தார். வரைபடத்தைக் கட்டில் முழுவதும் விரித்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பெட்டி பெட்டியாகப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேரப்புள்ள போட்டோ வந்த மாரில்ல பாக்குறீங்க" என்று சம்பந்தியம்மா காபி வைத்துவிட்டுப் போனார்.

பார்த்து முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. பிறகு கண்ணாடியை மார்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த மிஷினு எங்கேருந்து கெளம்புச்சு சம்மந்தி?"

"முகப்புலேருந்து."

"பாதை இருக்குற எடத்துக்கு மட்டுந்தான் போவுமா?"

"ஆமாங்க. பாதை புடிச்சுத்தானே போவும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாங்க அப்படி அளந்திருந்தா வேலைய வுட்டே தூக்கிருப்பானுங்க. பாதை இல்லாத புலத்துக்கும் வரப்பேறிப் போயி எல்லைக் கல்லு இருக்கா இல்லையான்னு பாத்துட்டு வரணும்."

அதைப் பழைய உத்தியோகப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். "அது ஒங்க காலம். இதுல ஒரு பக்கம் தப்பாதுங்க" என்றேன். பெருமையோடு சொன்னேன், அதுவும் நினைவிருக்கிறது. அவர் தலையாட்டினார். "நல்லா இருக்குங்க. நல்லாப் போட்டுருக்கு" என்றார். சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் எழுந்தபோது, "மழ வந்தா பாதையெல்லாம் மறைஞ்சு போயிடும்" என்றார். குடை கொண்டு வந்திருக்கிறேன் என்று காட்டிவிட்டு வந்தேன்.

கார்த்திகை முழுவதும் கோப்புகளைப் பிரித்தேன். வழி எளிது. வரைபடத்தில் பெட்டி இருந்தால் எடு, இல்லாவிட்டால் கழிவு. நாற்பத்தேழில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்து மூன்று வரை. ஒன்றுகூட வரைபடத்தில் இல்லை. பாவம், அந்தப் பழைய பக்கத்தையே இத்தனை முறை சேமித்து வைத்திருக்கிறார், ஒற்றை விரல்காரர், என்று எண்ணிக்கொண்டேன். திறந்து பார்க்கவில்லை. எழுத்தின் மேல் விரல் வைத்துப் படிக்கும் பதிவறைக்காரன், ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. நூற்று எண்பத்து மூன்று பக்கங்களும் புதிய இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆண்டு முடிந்தது. பழைய இடம் மூடப்பட்டது.

மாசியில் அவர் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சம்பந்தியம்மா அலமாரியிலிருந்து அந்தத் தகரக் குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒடம்பு முடியாம கெடந்தப்பவும் இதத்தான் போட்டுக்கிட்டு இருந்தாரு. ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லவும் இல்ல, வேணாங்கவும் இல்ல. ஒங்களுதுன்னு தோணுச்சு" என்றார். அங்கேயே பிரித்தேன். நூற்று எண்பத்து மூன்று பக்கங்களும் இருந்தன, என் இயந்திரம் வரைந்ததைவிடத் தெளிவாக. வலது ஓரத்தில் நாற்பத்தேழு. பெரிய புலம், இருபத்து மூன்று உட்பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்றின் பெயர். வாலிகண்டபுரம் கோயிலடிக் கிணறு, வேப்பந்தட்டைப் பெரியவன் கிணறு, அரும்பாவூர் ரெட்டைக்காளைக் கிணறு. கற்களைத் தணிக்கை செய்யப் போகும் சர்வேயர்கள், கல் உள்ளது, கல் இல்லை என்று குறித்து வருவார்கள். அதே கையெழுத்தில், அதே முறையில், ஒவ்வொரு கிணற்றுக்கும் கீழே இரண்டு சொற்கள்.

ஆண்டு உள்ளது. ஆண்டு உள்ளது. ஆண்டு உள்ளது.

இருபத்து மூன்றில் இருபத்தோரு கிணறுகளுக்கு அப்படி. இரண்டுக்கு மட்டும், ஆண்டு இல்லை.

சம்பந்தியம்மா சொல்லித்தான் தெரிந்தது. என் அந்தப் போனுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல், கால் வீக்கத்தோடு, மொபெட்டில் ஊர் ஊராகப் போயிருக்கிறார். பெரியவன் எப்போது பிறந்தான் என்று கேட்டிருக்கிறார். மோட்டார் போட்ட ரசீதைப் பார்த்திருக்கிறார், கிணற்றுக் கட்டுச்சுவரைச் சுரண்டி எழுத்து இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எதுக்குங்க அலையிறீங்கன்னு கேட்டா, சம்மந்தி கேட்டாரு, குடுக்கணுமுல்லங்குவாரு." குறித்து வந்த துண்டுத்தாள்கள் எங்கே என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஏத்துனதும் கிழிச்சுப் போட்டுடுவாரு. ஏத்தியாச்சு, இனிமே அழியாதுன்னு சொல்வாரு." பாதையை மட்டும் அவர் தானாகத் திறக்கவில்லை. கடவுச்சொல் அவரிடமும் இருந்தது. ஒரே ஒரு வரிதான். ஆனால் அதை அடைத்தவன் பெண் வீட்டுக்காரன். நான்தான் திறக்க வேண்டும். அதைக் கேட்கவும் மாட்டார். பென்சிலில் வரைந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். சர்வேயர்கள் உறுதியாகாத கோட்டுக்கு மை இட மாட்டார்கள்.

மறுநாள் காலை சென்டர் திறக்கும் முன்பே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். முகவரியைத் தட்டினேன். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டதும் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேடுபொறிகள் எடுத்து வைக்கும் நகலில் இருக்கிறதா என்று மத்தியானம்வரை பார்த்தாள். அவையும் பாதை பிடித்துத்தான் போகுமாம். "அந்தப் பக்கத்துக்கு வெளியிலேருந்து ஒரு லிங்க்காச்சும் இருந்துருந்தா எங்கயாச்சும் தங்கியிருக்கும் சார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிங்க சார்" என்றாள். அன்று வெயில் அதிகம் என்று நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலருகே அவர் கேட்ட கேள்விகளையும், புறப்படும்போது மழை என்று சொன்னதையும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் வந்திருக்கணும்" என்றாள். 

துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கோடையிலேயே கிணறுகளைத் தேடிப் போனேன். வேப்பந்தட்டைப் பக்கத்தில் பெரியவன் கிணற்றைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் இல்லை, உள்சுவரில் அத்திச்செடி. கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், இது எந்த வருஷம் வெட்டியது என்று கேட்டேன். "எங்க ஆத்தாவுக்குத்தான் தெரியும். அது போயி நாலு மாசம் ஆச்சு. முன்னாடி ஒருத்தரு வந்தாரே, கால் வீங்கிப் போயி, வண்டிய நிறுத்திட்டு இங்கதான் ஒக்காந்து கேட்டாரு. அவருகிட்ட ஆத்தா வருஷம், மாசம் எல்லாம் சொல்லுச்சே. எழுதிக்கிட்டாரே, அவரக் கேளுங்க" என்றார். 

இப்போது எப்போதாவது அந்தத் துணியை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு நோட்டுகளை வைத்துப் பார்க்கிறேன். நான் பசை தடவி ஒட்டிய வரைபடம் எப்போதோ பிரிந்து தாள் தாளாகிவிட்டது. துணி அப்படியே இருக்கிறது. பென்சில் பாதையின் மேல் மை இட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்து, மூடி வைத்திருக்கிறேன். போய்ச் சேர ஒன்றும் இல்லாத பாதைக்கு மை இட்டால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பார்த்துவிட்டுச் சுருட்டுகிறேன். சுருட்டும்போது விரலில் கொஞ்சம் கரி ஒட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பாதை அந்த அளவு குறைகிறது.